ரொட்டி, ரொட்டி கருகுது

இன்று காலையும் ரொட்டி கருகிவிட்டது. கல்லில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். பார்க்கிறதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வாழை மரம், வீட்டுக்காரம்மாவின் துணிக்கொடி. கருகின தேங்காய்ப்பூ வாசம் மூக்கில் ஏறின பிறகும் நான் திரும்பவில்லை. நீ கூப்பிடுவாய் என்று காது அதுபாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"ஏய் ரொட்டி, ரொட்டி கருகுது!"

முதல் ரொட்டி நான். இரண்டாவது ரொட்டி கல்லில் கிடக்கிறது. வருசக்கணக்காக இந்த அறையில் எனக்கு விடிந்தது அந்தச் சத்தத்தில்தான். ஃபெக்டரியில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, லைன் சுப்பவைசர் அதையும் பாதிதான் கூப்பிடுவார். ஊரில் அண்ணன் 'தங்கச்சி' என்பான். ரொட்டி என்று கூப்பிட இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். நீ போனதோடு அந்தப் பெயரும் போய்விட்டது. அப்படி ஒருத்தி இருந்தாள் என்று வேறு யாருக்கும் தெரியாது.

கருகினதைச் சுரண்டிவிட்டுத் தின்றேன். கசந்தது. பிறகுதான் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தாத்தா நேற்று அறைக்கு வந்தார். வீட்டுக்காரம்மாவைத்தான் சொல்கிறேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று தெரியாமல், நாம் குடிவந்த அன்று நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாயே, "மீசை இல்லாத தாத்தாவ இன்னைக்கித்தான் பாக்குறேன்" என்று. அந்தத் தாத்தா உன் ஆத்துமாவுக்கு வைத்த மாதப் பூசை முடியும் வரைக்கும் எதுவும் பேசவில்லை. நேற்றுத்தான் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"புள்ள, பன்வில பக்கமிருந்து ஒரு புள்ள வேலைக்கி வந்தீக்கிது. தங்க எடமில்ல. ஒங்கட அறையில ஒரு கட்டில் சும்மா ஈக்கிது தானே. ஒங்கட மனசு எப்பிடி செல்லுதோ, அப்பிடிச் செய்வோம். வேணாண்டா வேணாம்."

"யோசிச்சிச் சொல்றேன் தாத்தா" என்றேன்.

உன் கட்டில் சும்மா இருக்கவில்லை. அது வெறுமையாகத் தெரியக்கூடாது என்று என் துணிகளையெல்லாம் மடித்து அதில் அடுக்கி வைத்திருக்கிறேன். அலுமாரியில்தான் இடம் சும்மா கிடக்கிறது. அந்தக் கட்டிலில் இன்னொருத்தி படுத்துத் திரும்புகிற சத்தத்தை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்? வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க நம்முடைய ஊர் கலஹாவும், பள்ளிக்கூடமும், கணக்குப் பாடமும்தான் ஞாபகத்தில் வருகிறது.

பதினோராம் வகுப்பில் நீயும் நானும் ஒரே வாங்கு, கடைசி பெஞ்சுக்கு முந்தினது. அதுவரைக்கும் நாம் ஒருவரோடு ஒருவர் பெரிதாகப் பேசினதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நீ மேல் டிவிஷன், நான் கீழ் டிவிஷன். நீ கணக்கில் கெட்டி. எனக்குப் பலகையைப் பார்த்தாலே கொட்டாவி வரும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த சேர், சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டுச் சொன்னார், "பிள்ளையள், இது புள்ளிவிபரப் பாடம். இதைப் படிச்சால் சோதினையிலை லேசாப் புள்ளி எடுக்கலாம். பயப்பிட ஒண்டுமில்லை."

சராசரிக்கு இடை, நடு இலக்கத்துக்கு இடையம், பிறகு ஆகாரம் என்று மூன்று வார்த்தை எழுதினார். ஆகாரம் என்று எழுதினபோதே பின் வாங்கில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. நமக்கு ஆகாரம் என்றால் சாப்பாடு. எதற்காக அதைக் கணக்கில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எந்த இலக்கம் கூடத் தடவை, அதாவது மற்றதைவிட அதிகமாக, வருகிறதோ அதுதான் ஆகாரம் என்று சேர் விளக்கப்படுத்தினார். நான் கேட்கவில்லை. விடியக்காலை வெறும் தேத்தண்ணியோடு வந்திருந்தேன், இண்டர்வல் எப்போது வரும் என்பதுதான் என் கணக்கு. பையிலிருந்து ரொட்டி வாசம் வேறு வந்துகொண்டிருந்தது.

"நீர் எழும்பும் பாப்பம். இதிலை ஆகாரம் என்ன?"

என்னைத்தான் கேட்டார். பலகை நிறைய இலக்கம். என் காதில் ஆகாரம் என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"ரொட்டி சேர்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு பையன் மேசையில் தட்டினான். நான் அழுகைக்கு முன்னால் வருகிற அந்தச் சூட்டோடு நின்றேன். அப்போது நீ எழும்பினாய். யாரும் உன்னை எழும்பச் சொல்லவில்லை.

"சேர், அவ சொன்னது சரிதானே?"

"என்னெண்டு சரி?"

"கூட வர்றதுதானே ஆகாரம்? நம்ம வகுப்புல கூடப் பேர் கொண்டாறது ரொட்டி. அப்ப ரொட்டிதானே ஆகாரம்?"

சேர் டஸ்டரைக் கையில் எடுத்தார். பிறகு பலகையில் இருந்த இலக்கத்தையெல்லாம் அழித்தார். ரொட்டி, சோறு, பாண், ஒன்றுமில்லை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "கையை உயத்துங்கோ" என்றார். ஒவ்வொரு கைக்கும் ஒரு கோடு போட்டார். ரொட்டிக்கு நேரே கோடுகள் வேலி மாதிரி ஓடின. ஒன்றுமில்லை என்ற இடத்தில் ஒரு கோடும் விழவில்லை.

"ஓம், பிழையில்லை" என்றார் சேர். "உங்கடை வகுப்பின்ரை ஆகாரம் ரொட்டிதான். இரும் பிள்ளை."

அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் அது. எல்லாரும் கொஞ்ச நாள் கூப்பிட்டார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். நீ மறக்கவில்லை.

இண்டர்வலுக்கு மணி அடித்ததும் நீ வெளியே போகாமல் வாங்கிலேயே இருந்தாய். உன் பை மடியில் இருந்தது. அது எவ்வளவு தட்டையாக இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். ரொட்டிக்குக் கை உயர்த்தினவர்களில் நீயும் ஒருத்தி. நீயே குனிந்து மெதுவாகச் சொன்னாய்.

"சேர்கிட்ட ரொட்டின்னு சொல்லிட்டேன்டி. என்னைப் பொய்யாக்கிறாத."

என்னுடையதைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன். சம்பலை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தின்றோம். அதற்குப் பிறகு என் அம்மாவிடம் கெஞ்சி ரொட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் சுடச் சொன்னேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். நீ சொல்லித் தந்தாய் என்று எழுத மாட்டேன், நீயும் தட்டுத்தடுமாறித்தான் படித்தாய். மலையடிவாரத்து பஸ் ஹோல்ட்டில் பஸ் வரும்வரைக்கும் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே படித்தோம். மழை பெய்கிறபோது குடையைச் சாய்த்துப் புத்தகத்துக்குப் பிடித்துவிட்டு நாம் நனைந்துகொண்டு நின்றோம். எத்தனை தடவை வருகிறது என்பதைச் சொல்கிற மீடிறன் என்ற வார்த்தை உன் வாயில் நுழையாது, மீன்திறன் என்பாய். "மீனுக்கு என்னடி திறன், நீந்துறதா?" என்று நான் கேட்டால் கையில் இருக்கிற பென்சிலால் குத்துவாய்.

சேர் ஒரு நாள் எடுகொண்ட இடை என்று ஒன்று காட்டினார். பெரிய பெரிய இலக்கம் நிறைய இருந்தால், எல்லாவற்றையும் கூட்டிக் களைத்துப்போகாமல், நடுவில் இருக்கிற மாதிரித் தெரிகிற ஒன்றை, இதுதான் இடை என்று முதலில் நாமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்று பார்த்து, நாம் எடுத்ததைத் திருத்தினால் சரியான விடை வந்துவிடும்.

எனக்கு அது களவு மாதிரி இருந்தது. "நம்மளா எப்படி சேர் எடுக்கிறது? பிழையான இலக்கத்தை எடுத்துட்டா?" என்று கேட்டேன். வகுப்பில் நான் ஒழுங்காகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எதை எடுத்தாலும் விடை ஒண்டுதான் பிள்ளை. தூரத்திலை எடுத்தால் திருத்திறதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அவ்வளவுதான். ஒண்டையும் எடுக்காமல் இருந்தால்தான் கணக்கு அப்பிடியே நிண்டுபோகும்."

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். "முதல்ல ஒண்ண எடுத்துக்குவோம், பொறவு திருத்திக்குவோம்." அதுதான் உன் வேதவாக்கு.

அதே பாடத்தில்தான் நீ சேரை மடக்கினாய். "ஒரேயொரு இலக்கம் மட்டும் இருந்தா சேர்?" அப்படியென்றால் அதுதான் இடை, அதுதான் இடையம், ஆகாரம் என்று சொன்னாலும் அதுதான், செய்கிறதற்குக் கணக்கு ஒன்றுமில்லை என்றார் அவர். நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "பாவம் சேர்" என்றாய். "ஆர் பாவம்?" என்றார். "அந்த இலக்கம்." வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நான் சோதனை எழுதவில்லை. அம்மாவுக்கு முடியாமல் போனது, வீட்டில் ஆள் வேண்டியிருந்தது, நின்றுவிட்டேன். நீ எழுதினாய், கணக்கும் பாஸ். ஆனால் கண்டிக்குப் போய் மேலே படிக்க உன் வீட்டிலும் வழி இல்லை. கொஞ்ச காலம் கழித்துப் பல்லேகலையில் தையல் ஃபெக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் லயத்து வீட்டுக்கு வந்து நின்றாய். எனக்கு மெஷின் மிதிக்கத் தெரியாது, சிங்களம் தெரியாது, பேராதனைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு நீ சொன்னது அதேதான்.

"போய்ப் பாப்போம்டி. சரியில்லேன்னா திருத்திக்குவோம்."

சரியாகத்தான் இருந்தது. மெஷினும் வந்தது, சிங்களமும் வந்தது. இடையில் எனக்கு ஒரு கல்யாணம் நடந்து, நிலைக்காமல் போனது. மாத்தளையில் புருசன் வீட்டு வாசலில் நான் பையோடு நின்றபோது, என் அண்ணன் கூட வரவில்லை, நீதான் பஸ் ஏறி வந்தாய். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கட்டுகஸ்தோட்டை தாண்டின பிறகு என் பக்கம் சாய்ந்து, "ரொம்பத் தூரத்துல இருக்கிற இலக்கத்த எடுத்துட்ட. அவ்வளவுதான் விசயம்" என்றாய். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். நீ ஜன்னலைச் சாத்தினாய்.

உன்னையும் பெண் கேட்டு வந்தார்கள். தம்பி தங்கச்சி முடியட்டும், முடியட்டும் என்று எல்லாரையும் கரையேற்றிவிட்டு நீ இங்கேயே இருந்துவிட்டாய். நமக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சாயந்தரம் ஸ்டேடியத்தில் மெட்ச் நடந்தால் சத்தம் இந்த ஜன்னல் வரைக்கும் வரும். விக்கெட்டா சிக்ஸரா என்று சத்தத்தை வைத்தே நாம் பந்தயம் பிடிப்போம். ஸ்டேடியத்து லைட் வெளிச்சத்தில் உன் கட்டில் பக்கத்துச் சுவர் வெள்ளையாக இருக்கும். போன வாரமும் மெட்ச் நடந்தது. யாரோ அவுட் ஆனார்கள் போல. நான் யாரிடம் சொல்வது?

உனக்கு வருத்தம் வந்து நோயில் விழுந்ததை நான் திரும்ப எழுதப் போவதில்லை. பெரியாஸ்பத்திரி வார்டில் அந்தச் சின்ன டொக்டர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். சிங்களப் பிள்ளை, நமக்காகத் தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். "பயம் வேணாம். இந்த வருத்தம், கூடப் பேருக்கு நல்லாகும்."

அவள் போனதும் நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "கேட்டியா ரொட்டி? கூடப் பேருக்கு நல்லாகுமாம். ஆகாரம் நம்ம பக்கம்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவை பஸ்ஸில் வரும்போதும் கூடப் பேருக்கு, கூடப் பேருக்கு என்று செபமாலை மாதிரி உருட்டிக்கொண்டு வந்தேன். நீ மெலிந்துகொண்டே போனாய். கடைசியாகப் பார்க்க வந்த அன்றைக்கு நான் ரொட்டி சுட்டு, துணியில் சுற்றிச் சூட்டோடு கொண்டுவந்தேன். பாதியை உன் கையில் வைத்தேன். நீ அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சூட்டுக்காகக் கையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

"டொக்டர் சொன்னாங்கதானே, கூடப் பேருக்கு நல்லாகும்னு" என்றேன்.

"ரொட்டி, ஆகாரம்னா கூட வர்றதுடி. எல்லாருக்கும் வர்றதில்ல" என்றாய். கோபமில்லை, பயமுமில்லை. பஸ் ஹோல்ட்டில் கணக்கைத் திருத்தித் தருகிற மாதிரிச் சொன்னாய். "அன்னைக்கி வகுப்புல கூட இருந்திச்சி ரொட்டிதான். என் பையில இருந்திச்சா?"

மணி அடித்து, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்த்தபோதும் அந்தப் பாதி ரொட்டி உன் கையில்தான் இருந்தது.

இப்போது நான்தான் அந்த ஒற்றை இலக்கம். இந்த அறையில் நான் சொன்னதுதான் சட்டம். விளக்கை அணைக்க யாரையும் கேட்க வேண்டாம். தலைக்கு வைத்த எண்ணெய் பிடிக்கவில்லை என்று மூக்கைச் சுளிக்க யாரும் இல்லை. எல்லாம் என் விருப்பம், செய்கிறதற்குக் கணக்கு ஒன்றுமில்லை. பாவம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேனே, அது என்னைப் பார்த்தே சிரித்த சிரிப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

தாத்தாவுக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இடையில் சில நாள் போய்விட்டது, மீதியையும் எழுதிவிடுகிறேன்.

தாத்தா துணி காயப்போடும்போது போய்ச் சொன்னேன். "வரச் சொல்லுங்க தாத்தா. பாப்போம். சரியில்லேன்னா திருத்திக்குவோம்."

"என்னத்தத் திருத்திற?" என்று தாத்தா ஈரத்துணியோடு நின்று பார்த்தார். சும்மா சிரித்தேன். நீ போன பிறகு என் வாயில் உன் வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் வந்தாள். நம்மைவிட வயது குறைவு. புருசன் கொழும்பில் கடையில் நிற்கிறான், பிள்ளையைப் பன்விலையில் அம்மாவிடம் விட்டிருக்கிறாள். உன் கட்டிலிலிருந்து என் துணிகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினேன். அவள் கட்டில் ஓரத்தில், முழுதாக உட்காராமல், பஸ்ஸில் அடுத்தவருக்கு இடம் விட்டு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அன்று இரவு அவள் திரும்பிப் படுக்கும்போது கட்டில் உன்னுடைய சத்தத்தில்தான் முனகியது. போர்வையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் அவள் எனக்கு முன்னால் எழும்பி, முகம் கழுவி, வேலைக்கு வெளிக்கிட்டு நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கக்கா. ரொட்டி சாப்பிட்டேன்."

அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. அவள் கொண்டுவந்த பையும் தட்டையாகத்தான் இருந்தது. நீ சொல்லிக் கொடுத்து அனுப்பினாயா என்று கூட நினைத்தேன். பைத்தியம்தான், தெரியும்.

மாவைப் பிசைந்து, சுட்டு, பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினேன். "ரொட்டின்னு சொல்லிட்டீங்க. பொய்யாக்கிறாதீங்க."

அவளுக்கு அது விளங்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கினாள். தின்ற வேகத்தில் எவ்வளவு நேரப் பசி என்று தெரிந்தது. நான் உன்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இதெல்லாம் கதையாகிவிடும். நீ கதை இல்லை.

அவள் நல்லவளா என்று இன்னும் தெரியாது. குளிக்கப் போனால் வாளியை நிறைத்து வைக்க மாட்டாள். போனில் பிள்ளையோடு பேசும்போது சத்தமாகப் பேசுவாள், பிறகு சத்தமில்லாமல் அழுவாள். நீ இருந்த இடத்தில் அவள் இல்லை, நீ இருந்த இடம் அப்படியே இருக்கிறது. கட்டில்தான் நிறைந்திருக்கிறது.

இன்று காலை நான் திரும்பவும் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அதே வாழை மரம், அதே துணிக்கொடி. வாசம் மூக்கில் ஏறியது. காது அதுபாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ரொட்டி கருகுது!"

சடாரென்று திரும்பினேன். அவள் தலையைச் சீவிக்கொண்டு, சீப்பாலேயே அடுப்பைக் காட்டினாள்.

நீ சொன்னால் அதில் இரண்டு ரொட்டி இருக்கும். அவள் சொன்னதில் ஒன்றுதான் இருந்தது. மற்றதை நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போட்டேன்.